உங்கள் வழக்கு நிஜமாகவே ஃபைல் ஆகியிருக்கிறதா? காரைக்கால் வக்கீல் ஆபீஸ்களின் ரிஸ்க் கணக்கு

காது கேளாத ஒரு முதியவரும் அவர் மனைவியும் இரண்டு புரோநோட்டுகளை வக்கீலிடம் கொடுத்தார்கள். ஒன்று 15,000 ரூபாய்க்கு, இன்னொன்று 5,000 ரூபாய்க்கு. கோர்ட் கட்டணத்துக்கான பணமும் கொடுத்தாயிற்று. வழக்கு போட்டாச்சு என்று நம்பவைக்கப்பட்டார்கள். உண்மையில் எந்த வழக்கும் போடப்படவில்லை.

தமிழ்நாட்டில் நடந்த இந்த விவகாரம் ‘ரங்கதுரை எதிர் கோபாலன்’ என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் முடிந்தது. மாநில பார் கவுன்சில் அந்த வக்கீலை 6 ஆண்டுகள் தொழில் செய்யக் கூடாது என்று தடுத்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு இன்னொரு வழியில் போனது: ஏழைகளுக்கு இலவச சட்ட உதவிப் பணி செய்ய வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாய் பாக்கிக்கு 2,500 ரூபாய்.

கோர்ட்டில் தோற்ற வழக்குக்காவது அப்பீல் உண்டு. போடாத வழக்குக்கு அதுகூட இல்லை. கார்ப்பரேட் உலகத்தில் ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’, ‘கம்ப்ளையன்ஸ்’ என்று பெரிய வார்த்தைகளில் சொல்வதன் சாரம், ஒரு வக்கீல் ஆபீஸைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: தேதி தவறக் கூடாது, கட்சிக்காரர் பணம் கலக்கக் கூடாது, ரகசியம் கசியக் கூடாது, எதிர்த்தரப்போடு ஒட்டும் உறவும் இருக்கக் கூடாது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. காரைக்கால் மாதிரி ஓர் ஊரில் அது எவ்வளவு சிக்கலாகும் என்பதுதான் கதை.

முன்கூட்டியே சோதிக்க ஆள் இல்லை

இங்கிலாந்தில் ஒரு சொலிசிட்டர் நிறுவனம் நடத்த வேண்டுமென்றால் விதிகளைக் கடைப்பிடிப்பதற்கு ஒரு பொறுப்பு, கணக்குக்கு ஒரு பொறுப்பு என இரண்டுக்கும் ஆள் நியமித்தே ஆக வேண்டும். தொழில்முறை இழப்பீட்டு இன்சூரன்ஸ் கட்டாயம். கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. இத்தனை இருந்தும் 2023-ல் ‘ஆக்ஸியம் இன்ஸ்’ என்ற நிறுவனத்தில் 6 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கட்சிக்காரர் பணம் காணாமல் போனது தெரியவந்து, கண்காணிப்பு அமைப்பே தலையிட்டு நிறுவனத்தை மூடியது.

இந்தியாவில் அப்படி ஒரு முன்கூட்டிய சோதனையே கிடையாது. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டமும், அதன்கீழ் இந்திய பார் கவுன்சில் போட்ட நடத்தை விதிகளும் இருக்கின்றன. ஆனால், யாராவது புகார் கொடுத்தால்தான் அவை அசையும். இன்சூரன்ஸ் பாலிசி சந்தையில் கிடைக்கிறது. எடுப்பது அவரவர் விருப்பம். ஆக, காரைக்காலில் ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா என்று இயங்கும் ஆபீஸில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் யார்? பெரும்பாலும் அந்தக் குமாஸ்தாவின் டைரிதான்.

ஒரு ஹைகோர்ட், இரண்டு சட்டம்

மேப்பில் காரைக்காலைப் பாருங்கள். சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. வாஞ்சூர் தாண்டினால் நாகூர். ஆனால், காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம்.

சென்னை உயர் நீதிமன்றம் இருவருக்கும் பொது. பார் கவுன்சிலும் தமிழ்நாடு–புதுச்சேரிக்கு ஒன்றே. அதனால் நாகப்பட்டினம் வக்கீல் காரைக்காலில் ஆஜராவதும், காரைக்கால் வக்கீல் மயிலாடுதுறைக்குப் போவதும் தினசரி வழக்கம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கோர்ட் கட்டணச் சட்டம் தமிழ்நாட்டுக்கு வேறு, புதுச்சேரிக்கு வேறு. வாடகைச் சட்டம் வேறு. தமிழ்நாட்டுப் பத்திரத்துக்கு வில்லங்கம் பார்க்கும் இணையதளத்தில் காரைக்கால் மனை வராது. புதுச்சேரியின் நில ஆவணங்களுக்கு ‘நிலமகள்’ என்று தனித் தளம். திரு.பட்டினத்தில் பாதி நிலமும் நாகூர் பக்கம் மீதியுமாக வைத்திருக்கும் குடும்பத்தின் பாகப்பிரிவினை என்றால், ஒரே ஆபீஸ் இரண்டு அரசுகளின் கதவையும் தட்ட வேண்டும். பழக்கதோஷத்தில் ஒன்றின் விதியை மற்றதற்குப் போட்டால் மனு திரும்பி வரும். திரும்பி வந்த கட்டைச் சரிசெய்து மறுபடி போடுவதற்குள் நாள் ஓடிவிடும்.

ஓர் உதாரணம் செக் பவுன்ஸ் வழக்கு. நெடுங்காட்டு வியாபாரி ஒருவர் காரைக்கால் கடைக்காரரிடம் வாங்கிய செக்கைத் தன் வங்கிக் கணக்கில் போடுகிறார், திரும்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 3-ம் தேதி வங்கியிலிருந்து தகவல் வந்தால், ஏப்ரல் 2-க்குள் நோட்டீஸ் போக வேண்டும். 30 நாள். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம், அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். புகாரில் தாமதம் என்றால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸில் தாமதம் என்றால் செக் அந்த முறை திரும்பியதை வைத்து அந்தக் கிரிமினல் வழக்கு போட முடியாது. எந்தக் கோர்ட்? 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கைப் போட்டவரின் கணக்கு எந்த வங்கிக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட். வியாபாரியின் கணக்கு நாகூர் கிளையில் இருந்தால், கொடுக்கல் வாங்கல் முழுக்க காரைக்காலில் நடந்திருந்தாலும் வழக்கு தமிழ்நாட்டுப் பக்கம் போகும். செக்கின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கும் ஜூனியர் இதில்தான் வழுக்குவார்.

மற்ற தேதிகளும் இப்படித்தான். புரோநோட்டுக்கு 3 ஆண்டு. சிவில் வழக்கில் பதிலுரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90. வணிக வழக்கு என்றால் 120 நாளோடு கதவு மூடப்படும். மாவட்ட கோர்ட்டுக்கு அப்பீல் 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90. இதையெல்லாம் ஒரே ஒருவரின் ஞாபகத்தில் வைத்திருக்கும் ஆபீஸ், அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேர், இரண்டு தனித்தனி காலண்டர், கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே ஓர் எச்சரிக்கை. செலவே இல்லாத ஏற்பாடு. ஆனாலும் பல இடங்களில் வாய்தா தேதிக்குத்தான் டைரி இருக்கிறது, காலாவதித் தேதிக்கு இல்லை.

பிரெஞ்சுக் காலத்துத் தாய்ப்பத்திரம்

காரைக்கால் ஆபீஸின் மிகப் பெரிய ரிஸ்க் எதுவென்று கேட்டால், நிலத்துக்கு ‘லீகல் ஒப்பீனியன்’ கொடுப்பதுதான். வங்கிக் கடனுக்கு, மனை வாங்க, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் வீடு கட்ட – எல்லாவற்றுக்கும் வக்கீலின் ஒரு கையெழுத்து தேவை. சென்னைப் புறநகரில் இது ஓரளவு நேர்கோட்டு வேலை. காரைக்காலில் அப்படி இல்லை.

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். இந்தியச் சட்டங்கள் பலவும் இங்கே நீட்டிக்கப்பட்டது அதற்கும் பிறகு, 1963-லும் 1968-லும். எனவே, தாய்ப்பத்திரத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த எழுத்து எழுதப்பட்ட நாளில் இங்கே எந்தச் சட்டம் இருந்தது என்பதுதான். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பொதுவான காலவரையறை 30 ஆண்டு. இந்தியக் காலவரையறைச் சட்டத்தில் உரிமை அடிப்படையில் நிலத்தை மீட்கும் வழக்குக்கு 12. இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது, விற்பவர் குடும்பத்துக்கு எந்த வாரிசுரிமை? 1881 செப்டம்பர் 21-ம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சொந்த மத, சாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றது அது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் ‘ரெனோன்சான்’ என்பார்கள். துறந்தவர்கள் என்று பொருள். இந்தியா வந்த பிறகும் அந்த நிலை தொடர்கிறது. இந்து திருமணச் சட்டமும் முஸ்லிம் ஷரியத் சட்டமும் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டப்படி மகன், மகள் வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகள் எல்லோரும் சம வாரிசு.

இதன் விளைவு? 1970-களில் அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பிரித்துக்கொண்ட வீடு இன்று விற்பனைக்கு வருகிறது. குடும்பம் ரெனோன்சான் என்றால், கையெழுத்துப் போடாத அக்காவின் பங்கு அப்படியே இருக்கிறதா என்று தேட வேண்டும். குடும்பம் இந்து என்றால் கேள்வி வேறு. அதிலும் ஒரு கண்ணி: பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தந்த 1989-ம் ஆண்டுத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றம் போட்டது. நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது 2005-ல். நாகூர் குடும்பத்துக்குச் சரியாக இருந்த பதில் காரைக்கால் குடும்பத்துக்கு அப்படியே பொருந்திவிடாது. பெயரைப் பார்த்தோ மதத்தைப் பார்த்தோ யூகித்து ஒப்பீனியன் எழுதும் வக்கீல், தெரியாமலே ஒரு பெண்ணின் பங்கை அழித்துவிடலாம்.

காரைக்கால் குடும்பங்களில் ஒரு கிளையாவது பிரான்ஸில் இருப்பது சகஜம். அவர்கள் அனுப்பும் பவர் பத்திரம் இன்னொரு பொறி. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரகம் போன்ற அதிகாரம் பெற்றவர் முன்னால் கையெழுத்திட வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறிந்துவிட்டால், என்று வந்தது என்பதற்குச் சாட்சி இல்லாமல் போகும்.

அந்தக் குடும்பங்களில் இன்னொன்றும் நடக்கும். பாரிஸில் இருக்கும் அத்தைக்காக ஊரில் இருக்கும் மருமகன் வந்து வக்கீலிடம் பேசுவார், பீஸ் கொடுப்பார், “அத்தை ஒத்துக்கிட்டாங்க” என்பார். பார் கவுன்சில் விதி தெளிவாக இருக்கிறது: கட்சிக்காரர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த முகவர் தவிர வேறு யார் சொல்வதையும் வக்கீல் கேட்டு நடக்கக் கூடாது. அத்தைக்கு நேரடியாக ஒரு வீடியோ கால், அதன் பிறகு அவர் கையால் ஒரு மின்னஞ்சல். இரண்டும் சேர்ந்தால் பத்து நிமிட வேலை.

தவறான ஒப்பீனியன் கொடுத்தால் வக்கீல் ஜெயிலுக்குப் போவாரா? 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி வந்தது. ஹைதராபாதில் வீட்டுக் கடன் மோசடி ஒன்றில், வங்கிக்கு ஒப்பீனியன் கொடுத்த பேனல் வக்கீலையும் சி.பி.ஐ குற்றவாளியாகச் சேர்த்திருந்தது. ‘சி.பி.ஐ எதிர் நாராயண ராவ்’ வழக்கில் நீதிபதி பி. சதாசிவம் எழுதிய தீர்ப்பு, ஒப்பீனியன் தவறாகிப்போனது என்பதற்காக மட்டும் கிரிமினல் வழக்கு நிற்காது என்றது. மோசடிக்காரர்களோடு சேர்ந்து செயல்பட்டார் என்று காட்ட ஆதாரம் வேண்டும். ஆனால், படுமோசமான அலட்சியம் என்றால் தொழில் ரீதியான நடவடிக்கைக்கு வழி திறந்தே இருக்கிறது.

அப்படியானால் வக்கீலைக் காப்பாற்றுவது எது? அவர் என்னென்ன பத்திரம் பார்த்தார், அசலா நகலா, எந்த ஆபீஸில் எந்தத் தேதியில் தேடினார், எது கிடைக்கவில்லை என்று எழுதிவைத்த குறிப்பு. காரைக்கால் பார்வதீஸ்வரர் கோயில் நிலத்தைப் போலி ஆவணங்கள் காட்டி மனைகளாக விற்க முயன்றதாக 2024-ல் பதிவான வழக்கில் அரசு அதிகாரியே கைதானார். அரசு முத்திரையோடு வரும் காகிதத்தையும் அது வந்ததாகச் சொல்லப்படும் ஆபீஸுக்கே போய்ச் சரிபார்த்தாக வேண்டும் என்ற நிலைமைதான் இப்போது.

எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்

2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். சென்னையில் ஒரு வார்டுக்கும் இன்னொரு வார்டுக்கும் ஆள் தெரியாது. இங்கே மனுதாரர், எதிர்மனுதாரர், சாட்சி மூவருமே ஒரே வக்கீலிடம் ஏதோ ஒரு காலத்தில் வந்து போயிருப்பார்கள்.

ஒரு தரப்புக்கு வழக்கு தொடர்பாக ஆலோசனை சொன்னவர், அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது விதி. டீ குடித்துக்கொண்டே “இப்படிச் செஞ்சா என்னண்ணே?” என்று கேட்டவருக்குச் சொன்ன யோசனையும் ஆலோசனைதானா? கேட்டவர் அப்படித்தான் நினைப்பார். பெரிய நிறுவனங்கள் இதற்குத் தனி மென்பொருள் வைத்திருக்கின்றன. காரைக்கால் ஆபீஸுக்கு ஓர் எக்செல் ஷீட் போதும்: யார் வந்தார், எதிர்த்தரப்பு யார், எந்தச் சொத்து. வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன் அதில் ஒரு தேடல். எதிர்த்தரப்போடு தொடர்போ வழக்கில் சொந்த நலனோ இருந்தால் கட்சிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் விதிதான். வழக்கில் ஏலத்துக்கு வந்த சொத்தைத் தானே ஏலம் எடுக்கக் கூடாது, ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பீஸ் பேசக் கூடாது, கட்சிக்காரருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பவையும் அதே பட்டியலில் வரும். சதவீத பீஸ் தடை பலருக்குத் தெரியாது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் அதை மீறுவதுதான் பல இடங்களில் நடைமுறை என்பது கோர்ட் வராண்டாவில் யாரைக் கேட்டாலும் தெரியும்.

பணம் எங்கே போனது?

டி.கே. காந்தி என்பவர் 20,000 ரூபாய் செக் பவுன்ஸுக்காக டெல்லியில் ஒரு வக்கீலை அமர்த்தினார். எதிராளி செக் தொகையையும் செலவுக்கு 5,000 ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். அந்தப் பணம் வக்கீல் கைக்கு வந்தது. கட்சிக்காரர் கைக்கு வருவதற்குள் பீஸ் பாக்கி என்று தகராறு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போன அந்தச் சின்னத் தொகைதான், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்ற பெரிய கேள்வியாக வளர்ந்தது. வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007-ல் சொன்னது. வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

அந்தத் தீர்ப்பை வக்கீல்கள் கொண்டாடினார்கள். கட்சிக்காரர் பக்கம் நின்று பார்த்தால், மிச்சமிருக்கும் வழி பார் கவுன்சிலும் சிவில் கோர்ட்டும் மட்டுமே. அதனால் கணக்கு விதிகளின் எடை கூடியிருக்கிறது. கட்சிக்காரர் கொடுத்த பணம் பீஸுக்கா, செலவுக்கா என்று வாங்கும்போதே குறிக்க வேண்டும். அவருக்காக வந்த பணத்தை உடனே தெரிவிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் நகல் கொடுக்க வேண்டும். செலவுக்குக் கொடுத்த பணத்தை இடையில் பீஸாக மாற்றிக்கொள்ள, எழுத்தில் சம்மதம் வேண்டும். எல்லாப் பணமும் சீனியரின் ஒரே ஜி-பே நம்பருக்கு வரும் ஆபீஸில் இதில் ஒன்றைக்கூட நிரூபிக்க முடியாது.

பணத்தில் வேறொரு கோணமும் உண்டு. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ், கட்சிக்காரருக்காகச் சொத்து வாங்குவது, விற்பது, கணக்கு நிர்வகிப்பது போன்ற வேலை செய்யும் ஆடிட்டர்கள், கம்பெனி செக்ரட்டரிகள் 2023 மே மாதம் கொண்டுவரப்பட்டார்கள். அந்த அறிவிப்பில் வக்கீல்கள் இல்லை. அதற்காக யார் பணம் என்று கேட்காமல் கையில் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

வாட்ஸ்ஆப்பில் கிடக்கும் ரகசியம்

2025 ஜூனில் அமலாக்கத் துறை, சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தாருக்கும், அடுத்து டெல்லியில் பிரதாப் வேணுகோபாலுக்கும் சம்மன் அனுப்பியது. கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொன்னது தொடர்பாக. எதிர்ப்பு கிளம்பி சம்மன்கள் வாபஸ் ஆயின. உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து 2025 அக்டோபர் 31-ல் தீர்ப்பு சொன்னது. வக்கீலிடம் கட்சிக்காரரின் விவரத்தைப் பெறுவதற்காக விசாரணை அதிகாரி சம்மன் அனுப்ப முடியாது. குற்றம் செய்யவே ஆலோசனை கேட்டது போன்ற சட்டம் சொல்லும் விதிவிலக்குக்குள் வந்தால் மட்டுமே முடியும், அப்போதும் எஸ்.பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். வக்கீலின் போன், லேப்டாப் வேண்டுமென்றால் கோர்ட் முன்னால்தான் ஒப்படைக்க வேண்டும். மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் அதில் கசியக் கூடாது.

சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவு தரும் இந்தப் பாதுகாப்பு கட்சிக்காரருடையது, வக்கீலுடையது அல்ல. வெளியே சொல்ல அனுமதி கொடுக்க வேண்டியவரும் அவர்தான். நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ‘இன்-ஹவுஸ்’ சட்ட அதிகாரிகளுக்கு 132 பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கார்ப்பரேட்டில் வேலை செய்யும் வாசகர்கள் கவனிக்க வேண்டிய வரி அது.

போலீஸ் கதவைத் தட்டுவதைவிட, ரகசியம் சாதாரணமாகக் கசியும் வழிதான் அதிகம். ஆதார், பாஸ்போர்ட், விவாகரத்து மனு, மருத்துவச் சான்று எல்லாம் ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் கிடக்கும். வேலையை விட்டுப் போன ஜூனியர் அந்த குரூப்பில் இன்னும் இருப்பார். பனாமாவின் மொசாக் ஃபொன்சேகா நிறுவனத்திலிருந்து 2016-ல் 1.15 கோடி ஆவணங்கள் வெளியே வந்தன. இரண்டே ஆண்டில் நிறுவனம் கதவை மூடியது. காரைக்காலில் அந்த அளவு எதுவும் நடக்காது. ஒரு குடும்ப வழக்கின் மனு தெருவில் சுற்றினாலே போதும், அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பனாமா.

2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாத வாக்கில் அமலாகும். சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுகளுக்கு விலக்கு இருக்கிறது என்று வக்கீல்கள் ஆறுதல் பட்டுக்கொள்கிறார்கள். பாதி உண்மை. சம்மதம் வாங்குவது போன்றவற்றில் விலக்கு உண்டு. தரவைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமையில் இல்லை. அதில் தவறினால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய்.

ரீல்ஸ் போடலாமா, ஏ.ஐ கேட்கலாமா?

விளம்பரம் செய்யக் கூடாது. வக்கீல் தன் இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு நடத்துகிறார் என்ற அளவில் போட 2008 முதல் அனுமதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் தளங்கள் வழியே வேலை பிடிக்கும் வக்கீல்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஸ்டார் ரேட்டிங்கோடு வக்கீலைத் தேடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வினோதமாகத் தெரியலாம், ஆனால் இன்றைய விதி இதுதான்.

ஏ.ஐ விஷயம் இன்னும் சூடானது. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயத்தின் ஓர் உத்தரவில், இல்லாத தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அதில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதாக இருந்தது. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மெஷின் கொடுத்த தீர்ப்பை அசல் பிரதியில் ஒருவர் திறந்து பார்த்தாரா என்பது மட்டுமே கேள்வி.

ஆபீஸுக்குள்ளும் பார்க்க வேண்டியது உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் புகார்களுக்கான உள் குழு கட்டாயம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, புதுச்சேரி வக்கீல்களின் சேமநல நிதி தொடர்பான வழக்கில்தான். கைச்செலவுக்கே காசில்லாத ஜூனியரிடம் எல்லாக் காலாவதித் தேதிகளையும் ஒப்படைப்பதும் ஒரு ரிஸ்க் என்பதைச் சீனியர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை.

கட்சிக்காரர் கையில் என்ன இருக்கிறது?

போன் இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் சி.என்.ஆர் எண் உண்டு. இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் வழக்கு எப்போது பதிவானது, அடுத்த வாய்தா என்று, போன தடவை என்ன நடந்தது என்பது வந்துவிடும். “போட்டாச்சு சார்” என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி, “சி.என்.ஆர் நம்பர் என்ன சார்?” என்பதாக இருக்கட்டும். வழக்கு இன்னும் நம்பர் ஆகவில்லை, கோர்ட் சந்தேகம் கேட்டுத் திருப்பியிருக்கிறது என்றால் அதற்கும் ஒரு ஃபைலிங் எண்ணும் திருப்பிய தேதியும் இருக்கும். அவற்றைக் கேட்பது வக்கீலை அவமதிப்பது ஆகாது.

பீஸ் எவ்வளவு, எதற்கெல்லாம் தனிச் செலவு என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கிவையுங்கள். புகார் கொடுக்க வேண்டி வந்தால் காரைக்கால்காரருக்கும் இடம் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சில்தான். முகாந்திரம் இருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். கண்டனம், தற்காலிகத் தடை, பெயர் நீக்கம் என மூன்று வகைத் தண்டனை. ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். அதன்மேல் 60 நாளில் அப்பீல் உண்டு.

வக்கீலை மாற்ற நினைத்து, அவர் “பீஸ் பாக்கியைக் கொடுத்துட்டுக் கட்டை எடுத்துட்டுப் போங்க” என்றால்? 2000-ம் ஆண்டு ‘ஆர்.டி. சக்சேனா’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கும் பதில் சொல்லியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், 97,100 ரூபாய் பீஸ் பாக்கிக்காக வங்கியின் கேஸ் கட்டுகளைப் பிடித்துவைத்திருந்தார். பாக்கிக்கு அவர் வழக்கு போடலாம். கட்டு கட்சிக்காரருடையது, கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.